சேர்வரில் பதினொரு பேர்

இரவு பத்தரை. சேர்வரில் பதினொரு பேர்.
அதில் இருவர் தூங்கிவிட்டார்கள்,
அவர்களின் விமானங்கள் ஓடுபாதையில்
எஞ்சின் அணையாமல் நிற்கின்றன.
ஒருவர் பின்லாந்தில் பஸ் ஓட்டுபவர்.
ஒருவர் பிரேசிலில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர்.
பதினாறு வருடப் பழக்கம், முகம் தெரியாது.
துரத்தினால் யார் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது தெரியும்.

ஒருகாலம் முந்நூறு பேர்.
உள்ளே வர வரிசையில் நிற்க வேண்டும்.
இப்போது வானம்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து டொக்யார்ட் வீதி.

உவர்மலையில் போன் திருத்துகிறேன்.
கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினேன்:
விமானம் ஓட்ட ஆள் தேவை. சம்பளம் இல்லை.
பழைய கொம்பியூட்டர் போதும்.
மூன்று பேர் வந்தார்கள்.
முதலாமவர் கட்டாருக்கு என்று நினைத்து
பாஸ்போட்டோடு வந்தார்.

இரண்டாவது இம்தாத், மூதூர்ப் பெடியன்.
"என்னண்ணை இது, கடல் சீமெந்து பூசின மாதிரி?"
உண்மைதான். மேகமும் கத்தரித்து ஒட்டிய பஞ்சு.
ஆனாலும் ஏறினான்.
நான்கு விநாடி.
சில்லு தரையை விடுமுன்னே
பல் வைத்தியர் மேலிருந்து சரிந்து சுட்டார்.
மறுபடி நான்கு. மறுபடி ஆறு.
பிறகு வெளியே பைக் கிளம்பும் சத்தம்.

அன்றிரவு எல்லோருக்கும் எழுதினேன்:
வருகிற விருந்தாளியைச் சமைத்துத் தின்கிறோம்,
பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்குது என்கிறோம்.
புதியவரை ஏழு நாள் சுடவேண்டாம்.
"இது சண்டை விளையாட்டு" என்றார் பல் வைத்தியர்.
"சண்டைக்கும் ஆள் வேணும்" என்றேன்.
ஆறுக்கு ஐந்து. வென்றேன்,
தூங்கிய இருவரையும் எழுப்பி.

இன்னொன்றை அவர்களுக்கு எழுதவில்லை.
அம்மா எனக்கு விலைகூடிய ஹெட்போன் வாங்கித் தந்தது
பிறந்தநாளுக்கு அல்ல.
எஞ்சின் சத்தம் சுவர் தாண்டினால்
அவர் கை அடுப்பை அணைக்கப் போகும்,
கண் கட்டிலுக்கடியில் இடம் பார்க்கும்.
இந்த ஊரில் வானத்துக்கு ஆள் சேர்ப்பது
லேசில்லை.

மூன்றாவது சுகிர்தா.
திருக்கடலூர்ப் பக்கம் ஐஸ் கொம்பனியில் கணக்கு எழுதுபவள்.
முதல் கேள்வி: "சுடுற பட்டனைக் கழட்டலாமா?"
எங்கள் துறைமுகம்தான் வரைபடத்தில், நாற்பத்திரண்டாம் வருடத்தது.
கோணேசர் மலைக்கு மேலே பறந்துவிட்டு
"மூண்டு மரம்தான் நிக்குது, கோயில் எங்க?" என்றாள்.
வரைந்தவன் இங்கே வந்ததில்லை.
சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்களை
வரிசை வரிசையாக எண்ணினாள்.
இரண்டு குறைகிறதாம்.
இரண்டாம் இரவு இறங்கத் தெரியாமல் சில்லை முறித்தாள்.
நான்காம் இரவு முறிக்கவில்லை.
பஸ்காரர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்.
மடியில் ஒரு கொப்பி வைத்திருந்தாள், ஐஸ் கணக்கென்று நினைத்தேன்.

எட்டாம் இரவு.
அவள் தன் வீட்டிலிருந்து, நான் என் வீட்டிலிருந்து.
தவணை முடிந்ததென்று பல் வைத்தியர்
சூரியனிலிருந்து இறங்கினார், வழக்கம்போல.
அவள் வேகத்தைச் சட்டென்று குறைத்தாள்.
அவர் தாண்டிப் போனார்,
தப்ப இடப்பக்கம் திரும்பினார்.
அவள் முன்னமே அங்கே இருந்தாள்.

சீமெந்துக் கடலில் அவர் விழுந்தார்.
"ஏழு நாளும் இடதுதான் திரும்பினவர்,"
கொப்பியைப் பார்த்து வாசிக்கும் குரலில் சொன்னாள்.
பல் வைத்தியர் பெரிய எழுத்தில்
மறுபடி, மறுபடி என்று தட்டிக்கொண்டிருந்தார்.
இத்தனை சந்தோசமாக அவர் செத்து
வருடக்கணக்கு.

நான் கத்தியிருக்கவேண்டும். ஹெட்போன் கழன்றிருந்தது.
அம்மா கதவடியில்.
"ஆர் விழுந்தது?"
"பிரேசில்காரர் அம்மா. பத்து செக்கனில திரும்ப ஏறுவார்."
"ஏறுவாரா?"
நம்பாமல் நின்று, திரையைப் பார்த்தபடி
வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்.
எட்டு என்கையில்
ஓடுபாதையில் புழுதி.